சாவியும் சத்தியமும்

எனக்குக் கோபம் வந்தால் வாயை மூட முடியாது. என் வீட்டுக்காரருக்கு இது கல்யாணமான முதல் வாரமே தெரிந்துவிட்டது. அவர் மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டினார். நான் கொட்டகையில் உப்பு மூட்டைக்கு வாய் தைக்கிறேன். நான் கத்துவேன், அவர் சிரிப்பார். சிரிக்கிறாரே என்று இன்னும் கத்துவேன். எங்கள் குடித்தனம் அப்படித்தான் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் விளையாட்டுக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. என் அண்ணன் பாண்டிச்சேரிக்குப் போய்க் குடித்துவிட்டு பைக்கில் திரும்பியவன், கூனிமேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு அவன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதைக் கையால் அடித்து அணைக்கச் சொன்னேன்.

“குடிக்காதன்னா நீ கேக்க மாட்ட. குடிச்சா வண்டிய எடுக்கக் கூடாது. எங்க நிக்கிதோ அங்க வண்டியிலயே படுத்துடு. தெளிஞ்சப்புறம் வா. சத்தியம் பண்ணு.”

பண்ணினார். அதற்கப்புறம் எப்போதாவது லாரி உப்பளக் கரையில் தனியாக நிற்கும். ஜன்னல் வழியாக இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு சொம்பு மோரும் நாலு வசவும் கொடுத்துவிட்டு வருவேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீரில் கிடக்கும், லாரிக்கு லோடு இருக்காது. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் சிங்கப்பூரில் ஆட்களை வேலைக்கு ஏற்றி இறக்கும் வேன் ஓட்டப் போனார். பஸ் ஏறும்போது, “சத்தியம் அங்கயும் செல்லும்” என்றேன்.

“பாஸ்போர்ட்டே இல்லாம கூட வருதே உன் சத்தியம்” என்று சிரித்தார்.

இரண்டாவது வருஷம், ஒரு தகவலும் இல்லாமல் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “குடிச்சிட்டு வண்டி ஓட்டினேன். புடிச்சிட்டாங்க. கோர்ட்ல அபராதம் போட்டு லைசென்ஸ புடுங்கிட்டாங்க. லைசென்ஸ் இல்லாத டிரைவருக்கு அங்க இன்னா வேலை? அனுப்பிட்டாங்க.”

வேலை போனால் போகட்டும். என் அண்ணன் படத்துக்கு முன்னால் செய்த சத்தியத்தை மீறிவிட்டாரே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தவள் ஒரு வருஷம் நிறுத்தவில்லை. சாம்பாரில் உப்பு கம்மி என்று சொன்னால், “சத்தியத்த காப்பாத்தாத வாய்க்கு உப்பு ஒரு கேடா” என்பேன். இங்கே லைசென்ஸ் இருந்ததால் மறுபடி உப்பு லாரி ஏறினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டாலும் திட்டுவேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார். சிரிப்பதை மட்டும் விட்டிருந்தார்.

புதிதாக ஒரு பழக்கமும் வந்திருந்தது. லோடுக்குக் காத்திருக்கும் நேரத்தில் லாரியில் கண்ணயர்ந்தால்கூட, சாவியைப் பிடுங்கி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார். பச்சைத் தண்ணீர் குடித்த நாளிலும் அப்படித்தான். தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அதற்கும் திட்டினேன்.

போன பங்குனியில், சிங்கப்பூரில் அவரோடு ஒரே அறையில் இருந்த, பக்கத்து ஊரான பிரம்மதேசத்துத் தம்பி லீவில் வந்தான். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போயிருந்தார். டீ கொடுத்தேன். கொடுத்த சூட்டோடு என் புகாரையும் ஆரம்பித்தேன்: குடித்துவிட்டு வண்டி ஓட்டினாரே, நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“அண்ணன் எங்க அண்ணி ஓட்டினாரு? ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் பீர் குடிச்சோம். பஸ்ல போயிடலாம் வாண்ணேன்னு கூப்டேன். ‘இல்லப்பா, வண்டியிலயே படுத்துக்கறேன், வீட்ல சத்தியம்’னு சொல்லிட்டாரு. டிரைவர் சீட்ட சாய்ச்சிக்கினு தூங்கிட்டாரு. வெக்கைக்கு ஏசி போட்டு இன்ஜின் ஓடிக்கினு இருந்துது. போலீஸ் வந்து கண்ணாடிய தட்டி ஊதச் சொல்லிட்டாங்க.”

“தூங்கினதுக்கா புடிப்பாங்க?”

“அங்க சட்டம் அப்படி அண்ணி. போதையில சாவியோட வண்டியில இருந்தாலே, வண்டி உன் பொறுப்புல இருக்குதுன்னு அர்த்தம். எப்ப வேணா எடுத்துடலாம் இல்ல? வக்கீல் வெச்சி வாதாடியிருக்கலாம். அதுக்கெல்லாம் எங்க போறதுன்னு இவரு ஒத்துக்கினாரு. எதாவது சொல்லணுமான்னு ஜட்ஜ் கேட்டப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. ‘குடிச்சா வண்டி எடுக்க மாட்டேன்னு என் சம்சாரத்துக்கு சத்தியம் பண்ணியிருக்கேன். நான் எடுக்கலைங்க’ன்னாரு. கோர்ட்ல தமிழ இங்கிலீஷ்ல மாத்திச் சொல்ற அம்மா, அவர ஒருவாட்டி திரும்பிப் பாத்துட்டுதான் அத சொன்னாங்க.”

அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு சட்டம் என் அண்ணன் பைக்கில் ஏறும்போது தோளைத் தட்டியிருந்தால் அவன் இன்றைக்கு இருந்திருப்பான். ஆனால் ‘வண்டியிலயே படுத்துடு’ என்று சொன்னது நான். அவர் அதை ஒரு எழுத்து பிசகாமல் செய்திருக்கிறார்.

தம்பியை உட்காரவைத்துவிட்டு உப்பளத்துக்கு ஓடினேன். லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. சாவி மேஸ்திரி கையில் இருந்தது. ஜன்னலில் அந்த இரண்டு கால்கள். ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.

“யோவ்! ஓட்டினேன்னு ஏன்யா பொய் சொன்ன? ஒரு வருஷமா என் வாயில விழுந்துக்கினு இருந்தியே!”

எழுந்து உட்கார்ந்தார். யார் வந்திருப்பார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நெசத்த சொல்லியிருந்தா உன்னையே திட்டிக்கினு இருப்ப. நீ திட்டறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எனக்குப் பழக்கம். உன்னால தாங்க முடியாதும்மா.”

மூட்டை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு, இதையெல்லாம் மறைத்ததற்காக அவரைத் திட்ட ஆரம்பித்தேன். ஒரு வருஷம் கழித்து அவர் சிரித்தார்.