காப்பெற் வீதியில் நெல்

"புரட்டாதி, கடைசி வெள்ளி. வீதிக்குப் போடும் தார்க் காப்பெற் இன்று எங்கள் வாசற்படலையைத் தாண்டிவிட்டது. மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதில் கொஞ்சத் தூரம் நடந்து பார்த்தாள்."

போன வருடத்து நாட்குறிப்பில் நான் எழுதி வைத்தது இது. உடையார்கட்டுப் பக்கத்தில் உள்ள எங்கள் வீதி வயல்களுக்கு நடுவே வளைந்து போய், இரண்டு முனையிலும் பெரிய வீதியில் ஏறுகிறது. அதைத் திருத்தித் தரும்படி கேட்ட மனுக்களில் பெரும்பாலானவை என் கையெழுத்தில் போனவை. மழைக்குச் சேறும் வெயிலுக்குப் புழுதியுமாகக் கிடக்கும் கிரவல் வீதியில் கர்ப்பிணிகளை ஏற்றிப் போக முடியவில்லை, நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் முடிந்துவிடுகிறார் என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். எல்லாம் உண்மை. வீதியும் வந்தது. ஆனால் அறுவடைக் காலத்தில் இந்த ஊர் நெல்லை எங்கே காயவிடும் என்று எந்த மனுவிலும் நான் கேட்கவில்லை. கேட்கும்படி யாரும் சொல்லவுமில்லை.

முன்பு கையால் வெட்டி, கதிர்க்கட்டுகளைக் குவித்துச் சூடு வைத்த காலத்தில் நெல் கதிரோடு காய்ந்தது. இப்போது வெட்டு மெசின் ஒரு பொழுதில் வயலை முடித்து, ஈரநெல்லை மூட்டையில் தந்துவிட்டுப் போய்விடுகிறது. ஈரநெல்லை வாங்க ஆளில்லை. வைத்திருந்தால் முளைக்கும். கறுப்பாய், மட்டமாய், வெயிலைப் பிடித்து வைத்திருக்கிற புது வீதிதான் ஊருக்கு வாய்த்த ஒரே தளம். அதன் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாதபடி ஓரத்தில் கல் வைப்பார்கள். மாலையில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய்ப் படங்கால் மூடுவார்கள். கல்லை அகற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் திரும்ப வைக்கப் போகிற கல்தானே என்று ஒன்றிரண்டை விட்டுவிடுவதும் உண்டு.

என் மருமகன் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கப் பிள்ளை. கலியாணத்துக்குப் பிறகு எங்களோடுதான் இருக்கிறார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் நாயாற்றுக்குப் போய் மீன் எடுத்து, வரும் வழியில் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்து, தர்மபுரம் வரை கொண்டுபோய் விற்பார். வீதி வந்த புதிதில் ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார்: "முந்தி இந்த ரோட்டால மீன் கொண்டு வந்தா, வீட்டை வரேக்க பாதி குழம்பாயிருக்கும் மாமா. மாமி உப்பு மட்டும் போட்டாக் காணும்."

இந்த மாசியில் சில நாள் விடாமல் மழை. ஊர் முழுவதும் நெல் நனைந்து கிடந்தது. பிறகு ஒரு காலை நல்ல வெயில் எறித்தது. அந்தக் காலையில், எங்கள் படலைக்குச் சற்று முன்னால், மழைக்கு முந்தி யாரோ விட்டுப்போன கல்லில் மருமகனுடைய மோட்டார் சைக்கிளின் முன்சில்லு ஏறியது. ஓடிப் போய்ப் பார்த்தபோது வீதியெல்லாம் மீனும் ஐசுமாகக் கிடந்தன. மீன்பெட்டி பூட்டிய இரும்புச் சட்டம் அவருடைய முழங்காலுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. மகள் துவாயால் இறுக்கிக் கட்டினாள்.

அம்புலன்ஸ் கெதியாகவே வந்தது. புதுக்குடியிருப்புப் பக்க முனையால் வந்தது, கிளிநொச்சிக்குப் போகவேண்டியிருந்ததால் மற்ற முனையை நோக்கி ஓடியது. மகள் உள்ளே அவருடைய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தேன். வளைவு திரும்பியதும் அவர் பிறேக்கை அமத்தினார்.

"ஐயா, முழு ரோட்டிலயும் நெல்லு."

வெயிலைக் கண்ட அவசரத்தில் அந்த இடத்தில் பாதி விடாமல் வீதி முழுவதற்கும் பரப்பியிருந்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் நிறைந்த வாய்க்கால், வண்டியைத் திருப்பவும் இடமில்லை.

"எடுங்கோ, எடுங்கோ! கெதியா எடுங்கோ!" என்று சாரதி கத்தினார். வயலுக்குள்ளிருந்து சனம் பலகைகளோடு ஓடி வந்து நெல்லை ஓரத்துக்கு வாரத் தொடங்கியது. நானும் இறங்கிக் கையால் வாரினேன். அது பெரிய பரப்பு. வார வாரத் தீரவில்லை.

நெல்லின்மேல் அம்புலன்சை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இங்கே சிந்திய நெல்லைக் காலால் மிதித்துவிட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நான் நிமிர்ந்து சாரதியைப் பார்த்தேன். என் பார்வை அவருக்கு விளங்கியது. "நானும் வயல்காரன்ர பிள்ளைதான் ஐயா. என்னண்டு ஏத்திறது?" என்றார்.

உள்ளேயிருந்து மகள் கத்திக் குளறினாள். "அப்பா, நெல்லை விட்டிட்டு வாங்கோ! கால் குளிருது. கால் ஐஸ் மாதிரிக் குளிருது அப்பா!"

நெல்லுக்குச் சொந்தக்காரி ஒரு தனிப் பெண். குத்தகை வயலில் ஒற்றையாளாய் நின்று செய்கிறவா. அவா வந்து அம்புலன்சுக்குள் எட்டிப் பார்த்தா.

"ஐயோ, எங்கட மீன்காரத் தம்பியெல்லே!" கையிலிருந்த பலகையை வீசினா. "என்ன, ஆம்பிளையள் எல்லாரும் நெல்லைக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறியள்? ஏத்து தம்பி!"

"அக்கா, உங்கட நெல்லு..."

"என்ர நெல்லுத்தானே? நான் சொல்லுறன், ஏத்தெண்டு!"

சாரதி ஸ்டியரிங்கில் நெற்றியை ஒருதரம் வைத்து எடுத்துவிட்டு ஏற்றினார். சில்லுக்கடியில் நெல் நெரிந்த சத்தம் கடைசிவரை கேட்டது. நான் காதைப் பொத்தவில்லை. கை இரண்டிலும் நெல் ஒட்டியிருந்தது.

கிளிநொச்சியில் வைத்திருக்கவில்லை, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகுமுன் ஓர் இளம் டொக்டர் கேட்டார்: "காலுக்கு ரத்தம் போகாமல் எவ்வளவு நேரம்? வழியில எங்கையும் மினக்கெட்டனீங்களோ?" முதல் மழை விழுந்த நாளை, குளம் நிரம்பி வான் பாய்ந்த நாளை, பஸ் திரும்ப ஓடத் தொடங்கிய நாளை எழுதி வைத்திருக்கிறவன் நான். அந்த வளைவில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. "நிண்டனாங்கள்," என்று மட்டும் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு உள்ளே போனார்.

இரத்தக் குழாயைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் கால்விரல்கள் கறுத்துக்கொண்டு வருகின்றன, பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள். மகள் அங்கே நிற்கிறாள். நான் ஊருக்கு வந்து போகிறேன். வீதியில் இன்னமும் நெல் காய்கிறது. காயவிடாதேயுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறெங்கே விடச் சொல்வது? என் நெல் மூட்டைகளை நான் அவிழ்க்கவில்லை. விறாந்தையில் முளை மணம் அடிக்கிறது. பின்னேரங்களில் அந்த நெல்லுக்காரி படலையடிக்கு வந்து, "தம்பிக்கு என்னமாதிரி?" என்று கேட்டுவிட்டுப் போகிறா. உள்ளே வரச் சொன்னால் வருவதில்லை.

இன்று மாசி, கடைசி ஞாயிறு. மத்தியானம் மகள் போன் எடுத்தாள். காலை வெட்டத் தேவையில்லை என்று பெரிய டொக்டர் சொன்னாராம். அப்போது அவள் சோறு வாங்க வெளியே போயிருந்திருக்கிறாள். மருமகன் மருந்து மயக்கத்தில் கிடந்திருக்கிறார். கேட்டுச் சொன்னவர் பக்கத்துக் கட்டில்காரர். அந்த வார்ட்டில் காலில் கட்டோடு இன்னும் இரண்டு பேர் கிடக்கிறார்கள். டொக்டர் இனி நாளைக் காலைதான் வருவார். அவர் சொன்னது யாருடைய காலைப் பற்றி என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.