கோட்டுப் படி மிதிக்காத குடும்பம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் தண்ணி மோட்டார் நின்றுபோனால், திருத்துகிறவனைத் தேடுவதற்கு முன் பாலேஸ்வரி அக்காவைத்தான் தேடுவோம். சிங்களத்தில் அவனோடு இரண்டு பகிடி விட்டு, இரண்டு ஏச்சும் ஏசி, ஆளை உடனே கொண்டுவந்து சேர்த்துவிடுவார். லிஃப்டுக்குள் யாராவது குப்பைப் பையை வைத்துவிட்டுப் போனால் அதைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவார். வாய் கொஞ்சம் கூடத்தான். மனம் அதைவிடப் பெரிது. பக்கத்து வீட்டுக்காரி நான். அவரைப் பற்றி நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவருடைய கணவர் சண்முகலிங்கம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாதுவான மனுசன். அவருக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான்.

"எங்கடை பரம்பரையிலை ஒருத்தரும் கோட்டுப் படி மிதிக்கேல்லை."

நல்ல நாள் பெருநாளில் இந்த வசனம் வராமல் விடாது. பக்கத்துக் காணிக்காரன் எல்லைச் சண்டைக்கு வந்தபோது, அவருடைய தகப்பனார் கோடு, வழக்கு என்று போகாமல் தன் வேலியையே உள்ளுக்குத் தள்ளிப் போட்டாராம். கேட்டுக் கேட்டு அந்த வேலி எனக்கும் மனப்பாடம்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் சாருஜாவுக்கு வேலை எங்கே கிடைத்தது என்கிறீர்கள்? புதுக்கடைப் பக்கம் பழைய நீதிமன்றம் ஒன்று இருந்தது. கோடு புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகு அதைப் பெரிய ஆடம்பர ஹோட்டலாக ஆக்கிவிட்டார்கள். அங்கே விருந்து மண்டபத்துக்கு அவள்தான் பொறுப்பு. "மகள் ஹோட்டல்லை பெரிய வேலை" என்று தகப்பன் ஊரெல்லாம் சொல்வார். எந்தக் கட்டடம் என்று மட்டும் சொல்ல மாட்டார். மழை நாளில் அவளைக் கூட்டிவரப் போனாலும் தெருவுக்கு மற்றப் பக்கத்தில் குடையோடு நிற்பார்.

"அப்ப சாருஜா படி ஏறுறது?" என்று நான் ஒருநாள் கிண்டினேன்.

"அவள் பின்பக்கத்து வாசலாலை போறவள். அங்கை படி இல்லை."



சாருஜாவுக்கும் ஜனாவுக்கும் கலியாணம் சரிவந்தபோதுதான் வினை தொடங்கியது. காலையில் கோயிலில் தாலிகட்டு, பின்னேரம் வரவேற்பு தன் ஹோட்டலில் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"எத்தினை பேரின்ரை பிள்ளையளுக்கு அந்த மண்டபத்தைச் சோடிச்சனான். என்ரை கலியாணத்துக்கு மட்டும் வேறை இடமோ?"

"குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்திலை நிண்டு கேக் வெட்டப் போறியோ?"

"கூண்டை எடுத்தாச்சு அப்பா. ஆக்களை அடைச்சு வைச்ச அறை இப்ப ஹோட்டல் பார்."

"பாத்தியோ! முந்திக் குடிச்சவனைப் பிடிச்சு அடைச்ச இடத்துக்கு இப்ப குடிக்கிறதுக்கெண்டே போகினம்."

சிரிப்பை அடக்க முடியாமல் நான் அவர்களுடைய குசினிக்குள் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. தாலிகட்டுக்கு வருவாராம், வரவேற்புக்கு மாட்டாராம். சாருஜாவும் அவர் பெற்றதுதானே. "அப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகாட்டி நான் மண்டபத்துக்கை வரமாட்டன்" என்றுவிட்டாள். அன்றிலிருந்து கலியாண வீட்டில் கலகலப்பே இல்லை. பாலேஸ்வரி அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளமாய் அடிபட்டார்.

கலியாணத்தன்று காலையில் எல்லாம் அழகாக நடந்தது. பின்னேரம் அக்கா, "வாசல் மட்டும் வாங்கோ, படி ஏறச் சொல்லமாட்டன்" என்று மனுசனுக்குக் கோட் சூட் போட்டு வான் வண்டியில் ஏற்றிவிட்டார். மாலைகளை மடியில் வைத்துக்கொண்டு பின் சீற்றில் நான்.

ஹோட்டல் வாசல் விளக்குகளால் பளபளத்தது. மேளம் முழங்கியது. அகன்ற கல்படிகளின் அடியில் சாருஜாவும் ஜனாவும் நின்றார்கள். அவள் கண் எங்கள் வானையே பார்த்தபடி இருந்தது.

"நான் இதுக்கை இருக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ" என்றார் சண்முகலிங்கம்.

இறங்கப் போன அக்கா கதவைத் திரும்பவும் இழுத்துச் சாத்தினார்.

"இஞ்சாருங்கோ, மீன் கொண்டுவாற பௌஸி நானாவைத் தெரியுந்தானே? சாருஜா சின்னப் பிள்ளையா நேசரிக்குப் போற காலத்திலை, ஆரோ வீட்டிலை சங்கிலி எடுத்ததெண்டு அவரிலை வழக்குப் போட்டினம். அது களவு போன நேரம் அந்தாள் எங்கடை வாசல்லை இருந்து மீன் வெட்டிக்கொண்டு இருந்தவர். கண்டது நான் மட்டுந்தான். சாட்சிக்குப் போனனான்."

"எங்கை போனனி?"

"இஞ்சைதான். இந்தப் படியாலைதான்."

வான் ஓட்டி வந்த ஷிஹான் மெதுவாகப் பாட்டை நிறுத்தினான்.

"கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போறனெண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான். உண்மையைச் சொன்னா விடமாட்டியள். விடாட்டி அந்த மனுசன் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணியிருக்கும். அண்டையிலை இருந்து கோட்டுப் படி ஏறினவள் சமைச்சதைத்தான் சாப்பிடுறியள். ஏதும் குறைஞ்சு போச்சோ?"

நல்ல நாளும் அதுவுமாய் இப்போது வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன். மனுசன் டையைப் பிடித்து இழுத்தார். தகப்பன், பாட்டன், அந்த வேலி எல்லாம் அவர் முகத்தில் வந்து போனது எனக்குத் தெரிந்தது.

"தனியவோ வந்தனி?"

"பின்னை ஆரைக் கூட்டிக்கொண்டு வாறது?"

"பயந்தனியோ?"

"பயமில்லாமலோ? ஆரும் தெரிஞ்ச ஆக்கள் கண்டிடுவினமோ எண்டு சேலைத் தலைப்பாலை முகத்தை மூடிக்கொண்டு ஏறினனான்."

மோட்டார்காரனையே வெருட்டுகிற குரல் அந்த இடத்தில் உடைந்துபோனது.

சண்முகலிங்கம் கதவைத் திறந்து இறங்கினார். வானைச் சுற்றி வந்தார். அக்கா இருந்த பக்கத்துக் கதவைத் தானே திறந்து கையை நீட்டினார்.

"வா. இண்டைக்குத் தனிய ஏற வேண்டாம்."

படியடியில் நின்ற சாருஜாவுக்கு வானுக்குள் நடந்தது ஒன்றும் தெரியாது. அப்பா வருகிறார் என்பது மட்டும் தெரிந்தது. அவ்வளவு பாடுபட்டுப் போட்ட முகப்பூச்சையும் மறந்து அழுதுகொண்டே சிரித்தாள். மனுசன் ஒரு கையில் மகளையும் மறு கையில் மனைவியையும் பிடித்துக்கொண்டு முதல் படியில் வலது காலை வைத்தார். ஏறி முடியும்வரை அவர் பார்த்தது மனைவியின் முகத்தை மட்டுந்தான்.