அடியைப் பார்த்து வாங்கிய படகு

மலாய் நாட்டில் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த எங்களை அப்படி அனுப்பவில்லை. வாரத்துக்கு நான்கு நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் மற்ற நாட்களை எப்படிக் கழிப்பதென்று தெரியாமல் ஆண்கள் சீட்டாடினார்கள், கள்ளுக்கடைக்குப் போனார்கள், வீட்டில் சண்டை போட்டார்கள். நான் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஈயக்குட்டைக்குப் போனேன்.

கூட வந்தவர் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்டேஷனில் குமாஸ்தா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குடும்பம் ஊரில். ஈயம் தோண்டி எடுத்த பள்ளங்களில் மழைநீர் நிறைந்து ஏரி போலக் கிடக்கும். கரையிலிருந்து வீசினால் விரலளவு கெண்டை மாட்டும். பெரிய விரால் எல்லாம் நடுவில் துள்ளும். அதைப் பார்த்துப் பார்த்தே ஒருநாள் அவர் சொன்னார்:

"இஞ்சை நிண்டு பார்த்துக்கொண்டிருந்து பிரயோசனமில்லை. நீரும் நானும் பாதிப் பாதி போட்டு ஒரு சின்னப் படகு வாங்குவம். குட்டைக்கும் ஆகும், கிள்ளான் ஆற்று முகத்துக்கும் ஆகும்."

எனக்கு அன்றைக்கே படகு வந்துவிட்டது போலிருந்தது. ஓடி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

அவள் நாகப்பட்டினத்துப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்பது கல்யாணத்தின்போதே எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை. நாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவன் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அழுவாள், அழுதால் என்ன செய்வது என்ற பயம்தான். இன்று யோசித்தால் அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன் என்று தோன்றுகிறது.

அடுத்த புதன்கிழமை நானும் குமாஸ்தாவும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். மூன்று படகுகள் பார்த்தோம். ஒன்று ஒரே மரத்தைக் குடைந்தது. மலிவு, ஆனால் கல்லைப் போல் கனம், மாட்டு வண்டியில் ஏற்றிக் குட்டைக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டாவது, கேரி தீவுத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வேலை போய் ஊருக்குத் திரும்புவதற்காக விற்க வைத்திருந்த சம்பான் என்ற தட்டையடிப் படகு. பச்சை உடம்பு, விளிம்பில் வெள்ளைக் கோடு. புத்தம்புதிது போல மின்னியது. மூன்றாவது, கம்பம் என்று சொல்லும் ஆற்றோரக் கிராமத்தில் படகு கட்டும் மலாய்க்காரர் ஒருவரிடம் இருந்தது. பன்னிரண்டு அடி, வர்ணம் கிடையாது, பார்க்க ஒரு பழைய தொட்டி மாதிரி இருந்தது. பாய்மரம் வேண்டுமானால் தனி விலை என்றார்.

எனக்குப் பச்சைச் சம்பானை விட்டு நகர மனமில்லை. குமாஸ்தாவுக்கோ பாய்மரம் இல்லாமல் படகே இல்லை.

"பாய் இல்லாத வள்ளத்தில போறதெண்டால் நான் குளிக்கிற வாளியிலயே போவன்" என்றார்.

"குட்டையில எங்க காத்து? பாயை வச்சு என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

ரயிலில் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தோம்.

அன்று மாலை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் ரசத்தை ஊற்றியபடி திடீரென்று கேட்டாள்.

"அடி எப்படி இருந்திச்சு?"

"எதோட அடி?"

"படகோட அடிதான். கவுத்துப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாக்கல. மேல எல்லாம் புதுசாத்தான் இருந்திச்சு."

அவள் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "அடியைப் பாக்காம என்னத்தைப் பாத்தீங்க? எப்படியும் வாங்கத்தான் போறீங்க. நானும் வரேன்."

மறு வாரம் மூவருமாகப் போனோம். முதலில் பச்சைச் சம்பான். கிராணியிடம் அவள் நேராகப் பேசவில்லை. என்னிடம், "கவுக்கச் சொல்லுங்க" என்றாள். நாங்கள் மூன்று ஆண்களும் பிடித்துப் புரட்டினோம். அடியிலும் பச்சை பளபளத்தது. அவள் குனிந்து, கொண்டையிலிருந்து ஊசியை உருவி, நடுப்பலகை சேரும் இடத்தில் வைத்து அழுத்தினாள். பழுத்த வாழைப்பழத்தில் இறங்குவது போல ஊசி பாதிவரை இறங்கியது. ஒரு சாண் தள்ளி அழுத்தினாள். அங்கேயும் இறங்கியது.

கிராணியின் முகம் வெளிறிவிட்டது. அவர் ஏமாற்ற நினைத்தவரல்ல. "எனக்கும் தெரியாதும்மா. நான் வாங்குறப்பவே இந்தப் பெயிண்ட் இருந்திச்சு" என்றார். அதே படகில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதை நினைத்தாரோ என்னவோ, வெகுநேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றோரக் கம்பத்தில் அவளுக்கு மொழி தேவைப்படவில்லை. மலாய்க்காரர் அவள் ஊசியை எடுத்ததைக் கண்டதும் சிரித்து, தானே படகைப் புரட்டிப் போட்டார். ஊசி நுனிகூட இறங்கவில்லை. விளிம்புப் பலகை ஒன்றில் மட்டும் பெரிய முடிச்சு இருந்தது. கட்டச் சொல்லியிருந்த ஆள் அதைப் பார்த்து வேண்டாமென்று போய்விட்டானாம். அவள் அதைத் தடவிப் பார்த்து, "இது தண்ணிக்கு மேல நிக்கிற பலகை. கண்ணுக்குத் தெரியிற குத்தம் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

பிறகு படகைத் தண்ணீரில் இறக்கச் சொல்லி, எங்கள் இருவரையும் ஒரே பக்கமாக நிற்கச் சொன்னாள்.

"தங்கச்சி, எங்களை ஆத்துக்குள்ள கவிழ்க்கப் போறீரோ?" என்றார் குமாஸ்தா.

"மீன் இழுத்தா ரெண்டு பேரும் அப்படித்தானே அண்ணே நிப்பீங்க?"

நின்றோம். படகு சாய்ந்தது, விளிம்பு தண்ணீரைத் தொடப்போனது, அங்கே நின்றது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், சேலையைச் செருகிக்கொண்டு தானும் இறங்கி வந்து நடுவில் உட்கார்ந்தாள். குமாஸ்தா விலை பேசக் கரையேறினார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அப்போதுதான் சொன்னாள்.

"அப்பா வள்ளம் வாங்கப் போனப்ப என்னையும் கூட்டிட்டுப் போனாரு. எனக்குப் பத்து வயசு. ரெண்டு வள்ளம் இருந்திச்சு. ஒண்ணுல செவப்புப் பட்டை போட்டிருந்தாங்க. அதான் வேணும்னு அழுதேன். அப்பா சிரிச்சிக்கிட்டே அதையே வாங்கினாரு. அப்புறம் ஒரு பலகை மட்டும் கரை ஒதுங்கிச்சு. மாமா அதைக் கையால நசுக்கிக் காட்டினாரு. மாவு மாதிரி உதுந்திச்சு."

"நீ சின்னப் பிள்ளை. உனக்கென்ன தெரியும்?"

"அது எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பகலில், கம்பத்து ஆட்கள் பார்க்க, அப்படிப் பிடித்தது அதுவே முதல் தடவை.

பாய்மரத்தை விட்டுவிட்டதாலும் அந்த முடிச்சாலும் படகு எங்கள் சக்திக்குள் வந்தது. குமாஸ்தா இரண்டு மாதம் முணுமுணுத்தார். குட்டையில் முதல் விரால் படகுக்குள் துள்ளி விழுந்த பிறகு முணுமுணுப்பு குறைந்தது. லீவு சேர்ந்து வந்தால் படகைச் சரக்கு ரயிலில் ஏற்றிக் கிள்ளானுக்கு அனுப்பி, ஆற்று முகத்தில் நீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்டல் காட்டை ஒட்டிக் கொடுவாய் மீனுக்குத் தூண்டில் போடுவோம்.

அங்கேதான் ஒருநாள் காலை, கொடுவாய்க்கு ஆசைப்பட்டு, மரங்களின் மறைவை விட்டு வெகுதூரம் வெளியே போய்விட்டோம். மேற்கே வானம் கறுத்ததைக் கவனிக்கவில்லை. காற்று வந்து அறைந்தபோது எனக்குத் துடுப்பைப் பிடிக்கவே வரவில்லை. அலை உள்ளே விழுந்தது, முழங்கால்வரை தண்ணீர். குமாஸ்தா தேவாரம் சொல்லிக்கொண்டே பிஸ்கோத்து டின்னால் இறைத்தார். ஒவ்வொரு தடவையும் படகு சாய்ந்தது, சாய்ந்து நிமிர்ந்தது. காற்றே எங்களைக் கரைப் பக்கம் தள்ளிவிட, கண்டல் வேர்களைப் பிடித்துக்கொண்டு மழை விடும்வரை அங்கேயே கிடந்தோம்.

"பாய் மட்டும் இருந்திருந்தால் காத்து கவிழ்த்து இந்நேரம் ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்பம்" என்று அவரே சொன்னார்.

வீடு வரும் வழியெல்லாம் அவளிடம் மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். அவளைப் பார்த்ததும் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"தண்ணி மேல இருந்து விழுந்திச்சா, அடியில இருந்து வந்திச்சா?"

"மேல இருந்துதான். அடியில ஒரு சொட்டு வரல."

அவள் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பிறகுதான் திட்டினாள், நன்றாகவே திட்டினாள். மரத்தை விட்டு வெளியே போனால் படகை வெட்டி அடுப்பில் வைப்பேன் என்றாள். திட்டி முடித்து, "ஞாயித்துக்கிழமை என்னையும் குட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். நான் ஏறப்போனபோது, "நீங்க இருங்க" என்று சொல்லித் துடுப்பை வாங்கிக்கொண்டாள். சத்தமில்லாமல், தண்ணீர் தெறிக்காமல் வலித்துக்கொண்டு போனாள். நான் ஒரு வருஷமாக வலித்தும் எனக்கு வராத நேர்க்கோடு அவளுக்கு வந்தது. நடுக் குட்டையில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். குமாஸ்தாவும் நானும் கரையில் நின்றோம். கூப்பிடலாமா என்று அவர் கேட்டார், வேண்டாமென்றேன்.

அவளாகவே திரும்பி வந்தாள். முகம் கழுவியது போலிருந்தது. கயிற்றை என் கையில் கொடுத்து, "நல்லா மிதக்குது" என்றாள். அன்றைக்கு மீன் எதுவும் பிடிக்கவில்லை. மூவரும் நடந்தே வீடு திரும்பினோம்.