நியூ ரேஞ்ச்மேன்

ஆர்லின் ட்வெய்ட் மொன்டானாவின் கோதுமைக் கிடங்கு ஒன்றில் எடை மேடைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு தம் பழைய 'ரேஞ்ச்மேன்' ரிவால்வருக்கான தோட்டாக்களைத் தாமே நிரப்பினார். மேசையில் ஒரு சமயத்தில் ஒரே வெடிமருந்து டப்பாதான் இருக்கும். ரேடியோ பாடாது. மருந்து விழுந்த தோட்டாக் கூடுகளை வரிசையாக நிறுத்தி, விளக்கைச் சாய்த்து, ஒவ்வொன்றின் உள்ளும் எட்டிப் பார்த்த பிறகே குண்டைப் பொருத்துவார்.

அக்கா மெர்லா பக்கத்து ஊர். அவசரக்காரி, ஆனால் கை நடுங்காது. துப்பாக்கி கிளப் போட்டியின் கடைசி இலக்கான இரும்பு ஆட்டுக்கடாவை மட்டும் அவர் சாய்த்ததே இல்லை. அவருடைய சின்னத் துப்பாக்கியின் குண்டு பட்டால் கடா 'டிங்' என்று ஒலிக்கும்; அசையாது.

போட்டிக்கு முன் போனில் அழைத்தார்.

"டேய், நானும் ரேஞ்ச்மேன் வாங்கிட்டேன். உனக்குப் போடற மாதிரியே கனமா நிரப்பிக் குடு. இந்தத் தடவ அந்தக் கடா படுத்தே ஆகணும்."

ஆர்லின் நிரப்பினார். போட்டிக் காலையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, புதுத் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். கை சட்டென்று நின்றது. எடை குறைவு. குழலின் மேல் 'நியூ ரேஞ்ச்மேன்' என்று இருந்தது. சட்டைப் பையிலிருந்து காலிப்பர் என்ற அளவுக்கருவியை எடுத்துச் சுழல் உருளையை அளந்தார்.

"அக்கா, பெட்டியத் திருப்பிக் குடு."

"ஏண்டா? புதுசுன்னா இன்னும் பலமாத்தானே இருக்கும்?"

"பேருதான் புதுசு. பழசு ரொம்ப கனம்னு ஜனங்க முனகினாங்க, கம்பெனிக்காரன் இளைக்க வெச்சுட்டான். பேர மாத்தினானா? முன்னால 'நியூ'ன்னு ஒட்டிட்டுப் போயிட்டான். என் தோட்டாவ இது தாங்காது. உருளையே பிளந்துரும். எந்த ரேஞ்ச்மேன்னு நானும் கேக்கல."

வருஷா வருஷம் ஜெயிக்கும் வேட் ரிஸ்டாட் சிரித்தார். "ஆறே ஆறு தோட்டாதானே ஆர்லின், ஒண்ணும் ஆகாது!"

"அப்போ அவ சுடறப்ப நீ பக்கத்துல மூஞ்சிய வெச்சுக்கோ."

வேட் இரண்டடி பின்னால் போனார்.

தம் பயிற்சிக்கென்று வைத்திருந்த மென்மையான தோட்டாக்களை ஆர்லின் நீட்டினார். அதே அளவுத் தோட்டாதான்; உள்ளே, அந்த அளவுள்ள எந்தத் துப்பாக்கிக்கும் ஆகுமென்று கையேடு சொல்லும் குறைந்த மருந்து.

"இதுல கடா விழுமா?"

"வயித்துல அடிச்சா விழாது. கொம்புல அடி, உச்சியில தள்ளினா சாயும்."

"கொம்பு உள்ளங்கை அகலம்கூட இல்லியேடா!"

"உன் கைதான் நடுங்காதே."

மெர்லா முறைத்துக்கொண்டே போய் நின்றார். முதல் குண்டு வேகம் குறைந்து தாழ்ந்து, கடாவின் காலடியில் மண்ணைக் கிளப்பியது. குறியை உயர்த்தினார். அடுத்தது முதுகில் பட்டது. கடா லேசாக ஆடி நின்றது. இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். மூன்றாவது கொம்பில் பட்டது. கடா பின்னால் சாய்ந்து, யோசிப்பது போல ஒரு கணம் நின்று, தொப்பென்று விழுந்தது.

"படுத்துருச்சுடா!" என்ற அலறலில் வேலியோரக் குதிரை மிரண்டது. வேட் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

பிற்பகலில் ஆர்லின் தம் பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து, கனத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சுத்தி போன்ற கருவியில் மாட்டி, கட்டையில் தட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெர்லா பரிசாகக் கிடைத்த ஹக்கிள்பெரிப் பழம் அடைத்துச் சுட்ட பலகாரத்தைக் கத்தியால் வெட்டினார்.

"உன் ரேஞ்ச்மேனுக்கு ஆகும்தானே, ஏண்டா பிரிக்கறே?"

"பெட்டி மேல ரேஞ்ச்மேன்னுதான் எழுதியிருக்கேன். உன் துப்பாக்கிக்குன்னு நெனச்சு நீ எடுத்தா, உன் வண்டியில ஏறிடும்."

"ஏறும்தான்" என்று ஒத்துக்கொண்டு, பெரிய துண்டைத் தம்பியின் வாயில் திணித்தார் அக்கா.