மூன்றாவது வெளிநாட்டுக்காரன்

என் வீட்டுக்காரர் கூடைப்பந்து ஆடிச் சம்பாதிக்கிறவர். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும், கூட வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு நாட்டில் ஒரு சீசன், இன்னொரு நாட்டில் அரை சீசன், எவனாவது முட்டியை உடைத்துக்கொண்டால் அவனுக்குப் பதிலாக வேறெங்கோ ஒரு மாதம். திரைச்சீலை மாட்டி முடிப்பதற்குள் கழற்ற வேண்டியிருக்கும். வாசல் நிலையின் மேல்கட்டையெல்லாம் அவர் நெற்றிக்குக் கீழே. எந்த ஊர் போனாலும் முதல் வாரம் மண்டை வீக்கத்தோடுதான் திரிவார்.

இந்த ஊருக்கு வரும்போதே மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். "பத்தாவதுப்பா. பரீட்சை முடியிற வரைக்கும் என்னைக் கிளப்பாதீங்க." அவரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சரி என்றார்.

இங்கே ஓர் அணியில் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேருக்குத்தான் இடம். பயிற்சிக்கு மூன்றாவதாக ஒருவன் வந்து நின்றால், இருக்கிற இருவரில் ஒருவருக்குச் சீட்டுக் கிழியப்போகிறது என்று தரை துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும். அப்படி ஒருத்தன் வந்தான். மீசை சரியாக முளைக்காத வயது.

அணியின் இன்னொரு வெளிநாட்டுக்காரர் விவரமானவர். அவன் இருந்த பக்கம் பந்தையே காட்டவில்லை. நம்ம ஆள்? அவன் கையைத் தூக்குமுன்பே பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவன் போட்டான், போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான். பயிற்சியாளர் கைதட்டினார். கேலரியில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? அவன் யாரு இடத்துக்கு வந்திருக்கான்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா தூக்கித் தூக்கிக் குடுத்தீங்க?"

"அவன் தனியா நிக்கிறான்டி. குடுக்காம எப்படி ஆடுறது?"

"அந்த மனுஷன் குடுக்கலையே. அவரு ஆடலையா?"

"அதெல்லாம் ஒரு ஆட்டமா," என்றார். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

மறுநாளே மேலாளர் அவரைக் கூப்பிட்டுக் கை குலுக்கி அனுப்பிவிட்டார். வீடு கிளப் கொடுத்தது, அதையும் காலி செய்ய வேண்டும். நான் அவரோடு பேசவில்லை. பேசினால் வாயில் என்ன வருமென்று எனக்கே பயம். மகள் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒற்றை அறை ஒன்றும், பக்கத்துத் துணிக்கடையில் எனக்கொரு வேலையும் பேசி முடித்தேன். மகளிடம் மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே அவருக்கு ஃபோன். வேறு நாடு, இரண்டாம் டிவிஷன், எவனுக்கோ கணுக்கால் போய்விட்டதாம். மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் எரிந்தது.

"திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. பெட்டியெல்லாம் எடுங்க," என்றார்.

மகள் ஸ்டூலில் ஏறி, பரணிலிருந்து ஒரே ஒரு பெட்டியை இறக்கித் தூசி துடைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மத்த பெட்டி?"

"நானும் அம்மாவும் வரலப்பா. ஸ்கூல் பின்னாடி ரூம் பாத்தாச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். திட்ட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவருக்குத் துணி மடிக்க வராது, எந்த ஊரிலும் நான்தான் மடிப்பேன். அன்றும் நான்தான் மடித்தேன். எங்கள் துணிகளுக்குள்ளிருந்து அவர் சட்டைகளை மட்டும் தனியாகப் பிரித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.