ஒரே காசில் ஒரு மணி நேரம்

திண்டிவனத்துக்கு முதல் வீடியோ கேம் மிஷின் கொண்டுவந்தவன் நான். வேறு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அஞ்சாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனராக இருந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சொந்தக் கடை போட்டவன். எண்பதுகளின் நடுவில் மெட்ராஸில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் அந்த மிஷினை வாங்கி, காலிக் கோணிகளுக்கு நடுவே படுக்கவைத்து லாரியில் ஏற்றி வந்தேன். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்ததைப் பார்த்து ஒரு ஜப்பான்காரருக்கு இந்த விளையாட்டு தோன்றியது என்றார் வியாபாரி. அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

திரையில் சந்து சந்தாக வழி. மஞ்சளாய் ஒரு உருண்டை வாய், வழியெல்லாம் இருக்கும் புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும். நாலு பேய்கள் துரத்தும். சிவப்பு பின்னாலேயே வரும். ரோஸ் முன்னால் போய் மடக்கும். நீலம் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஆரஞ்சு கிட்டே வந்து, பயந்தது போல விலகிவிடும். மூலையில் இருக்கும் பெரிய புள்ளியைத் தின்றால் கொஞ்ச நேரம் பேய்களையே தின்னலாம். மூன்று உயிர், அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு காசு போட்டால் இரண்டு நிமிஷம் தாங்குவார்கள்.

ஒருவரைத் தவிர. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளை ஏலம் விடுகிற கமிட்டியில் எடை போடுகிறவர், விக்கிரவாண்டிக்காரர். சனிக்கிழமை மத்தியானம் வந்து ஒரே காசில் ஒரு மணி நேரம் நிற்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கு உள்ளே அரித்தது. காசில் நூல் கட்டியிருக்கிறாரா? காந்தம் வைத்திருக்கிறாரா? ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவருடைய சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டுத் தடவினேன். நாலு மல்லாட்டைதான் இருந்தது. அப்போதும் விடவில்லை. "இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றேன். பாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு போனார்.

அடுத்த வாரமே விழுப்புரத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். என் கடையில் சூதாட்டம் நடக்கிறது என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள்.

"இது அதிர்ஷ்டத்துல ஓடுதா, திறமையில ஓடுதா?"

"திறமைதாங்க சார். என்னை மாதிரி ஆடுறவன் இந்த ஜில்லாவுலயே கிடையாது."

"ஆடிக் காட்டு."

அவருக்கு வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் என் மூன்று உயிரும் போச்சு.

"திங்கக்கிழமை வர்றேன். திறமைய காட்டலன்னா மிஷினைத் தூக்கிக்கினு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அந்த மிஷின்தான் என் கடைக்கே பேர். வேறு வழியில்லாமல் கமிட்டிக்குப் போனேன். எடைக்காரர் தராசுப் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க முதலாளி. இன்னைக்கு யாரு பாக்கெட்டைத் தடவணும்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். உதவி கேட்க வந்தவன், வாய் சும்மா இல்லாமல், "மொட்டைக் கடுதாசி நீ போட்டதுதானே?" என்று கேட்டுவிட்டேன்.

"கூலிக்கே கைநாட்டு வெக்கிறவன் நானு. கடுதாசி எங்க போடுறது?" என்றார். பிறகு, "மிஷின் போயிட்டா எனக்கும்தான் பேஜாரு. வர்றேன், போங்க" என்றார்.

சொன்னபடி திங்கட்கிழமை எடைக்காரர் வந்தார். காசைப் போட்டு, கைப்பிடியைப் பிடித்து, முகத்தை அதிகாரி பக்கம் திருப்பிக்கொண்டார். திரையை எப்போதாவது ஒருதரம்தான் பார்த்தார். அதிகாரி ஊர், வேலை எல்லாம் கேட்கக் கேட்க, பதில் சொல்லிக்கொண்டே முதல் கட்டத்தைக் காலி பண்ணினார்.

"மறுபடி ஆடு" என்றார் அதிகாரி. நானும் எட்டிப் பார்த்தேன். அதே சந்து, அதே திருப்பம். பேய்களும் போன தடவை வந்த இடத்துக்கே வந்து ஏமாந்து போயின.

"எப்படிப்பா?"

"ஒண்ணுமில்ல சார். நான் ஒரே மாதிரி போனா அதுங்களும் ஒரே மாதிரிதான் வரும். நாலு வாரம் பின்னால நின்னு பாத்தேன். அதுங்களுக்கு வேற புத்தி கிடையாது."

"அதிர்ஷ்டம் ரெண்டு தடவை ஒரே மாதிரி வராது" என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். மிஷின் என் கடையிலேயே தங்கியது. அன்றைக்கே சரியான ஆளைக் கூட்டிவந்தவன் நான் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். சொல்லக்கூடாதா? கடுதாசி போட்டது யார் என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை. இரண்டு பேர் மேல் சந்தேகம் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை எடைக்காரர் வந்தார். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பிடிங்க முதலாளி, உங்களுக்கு நிம்மதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பனியனோடு ஆட ஆரம்பித்தார். கடை முதலாளி நான், சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் பொறுத்தேன். அப்புறம் மெதுவாகப் பாக்கெட்டுக்குள் விரலை விட்டேன்.

வறுத்த மல்லாட்டை, ஒரு கை நிறைய.

"தின்னுங்க, உங்களுக்குத்தான் எடுத்தாந்தேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.