மரத்தடிப் பட்டி

1. கருங்கல் சந்தைக்கு அப்பால், அடிபட்ட, கைவிடப்பட்ட நாய்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணிடமிருந்து, ஒரு வயது நிரம்பாத ஆண் நாய் ஒன்றைக் கொண்டுவந்தேன். "பார்வை கொஞ்சம் கொறவு" என்று சொல்லித்தான் தந்தார்.

2. "கொஞ்சம்ணா எவ்வளவு?" என்று அம்மா கேட்டாள்.

3. அப்பா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். அக்கம்பக்கத்திலிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் நாய் வந்த இடத்துக்கே திரும்பிப் போகும்.

4. நாய் நண்பகலில் கிணற்றுச் சுவரில் முட்டியது. அன்று மாலையே, நான் உருட்டிவிட்ட பந்தை ஓடிப்போய்க் கவ்வியது.

5. நாய் நடிக்கிறது என்று அம்மா முடிவு செய்தாள்.

6. பக்கத்து வீட்டில் ஒரு கோழி காணாமல் போனது. பிறகு இன்னொன்று.

7. பக்கத்து வீட்டு அக்கா எங்கள் கேட்டில் வந்து நின்றார்.

இப்படி வரிசையாக எழுதினால் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததுபோலத் தெரிகிறது. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். நானும்தான்.

திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதித்துக் கொடுப்பது என் வேலை. செய்தவர்கள் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்பார்கள். எங்கே ஓடவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்ல எனக்குச் சம்பளம். ஒருவர் எதைச் சொல்கிறார் என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்த்துப் பழகிவிட்டது. இதைக் குணம் என்று அம்மா சொல்லுவாள், பழக்கம் என்று நான் சொல்லுவேன்.

அதனால் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனபோதே சிலவற்றைக் கவனித்தேன். நடுப்பகலிலும் ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்தார். நாயை அந்த அரை இருட்டு அறையிலேயே காட்டினார். அது நாற்காலியைச் சுற்றி வந்து என் கையை முகர்ந்தது. எதிலும் இடிக்கவில்லை.

"வெளிய முற்றத்தில விட்டுப் பாக்கலாமாக்கா?" என்று கேட்டேன்.

"இப்பமா? வெயிலு கண்ணுக்குக் கூசும் மக்கா. மத்தபடி ஒரு சல்லியமும் இல்ல, கேட்டியா" என்றவர், நான் சம்மதம் சொல்வதற்குள் நாய் படுக்கும் துண்டையும் சோற்றுக் கிண்ணத்தையும் ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டார். எதற்கு இந்த அவசரம் என்று தோன்றியது. எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அது என் காலின் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருந்தது. காலை எடுத்தால் முழித்துவிடும் என்று எடுக்காமல் இருந்தேன். நான் எடுத்த முடிவு என்று ஏதாவது உண்டென்றால் அதுதான்.

கருங்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். "ஊர்ல உள்ள பட்டியெல்லாம் பிடிச்சு ஊர்க்காரன் தலையில கெட்டிவிடுகவளாக்கும். ஒன்னயும் பிடிச்சிட்டாளா?" என்றார். எங்கள் பக்கம் நாய்க்குப் பட்டி என்றுதான் பேர். நான் அதற்கு ஒரு பெயர் யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "பேரு ஒண்ணும் வைக்காண்டாம். பேரு வச்சா பெறவு திருப்பிக் குடுக்க மனசு வராது" என்று முதல்நாளே தடுத்துவிட்டார். ஆகவே அது பட்டி என்றே ஆனது.

முற்றத்து அயினி மரத்தின் கீழே ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தேன். பகல் முழுக்க அந்த நிழலை விட்டு வராது. வெளிச்சத்தில் அதன் கண்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இரண்டு கண்மணிகளின் நடுவிலும் ரப்பர் பால் ஒரு சொட்டு விழுந்து உறைந்த மாதிரி ஒரு வெளுப்பு. நண்பகலில் கூப்பிட்டால் குரல் வந்த திக்கைப் பிடித்து நேராக வரும், நடுவில் நாற்காலி கிடந்தால் அதில் முட்டும். அந்தி மயங்கிய பிறகு அதே நாற்காலியை அதே இடத்தில் போட்டுப் பார்த்தேன். சுற்றி வந்தது.

அம்மா அடுக்களை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இது நடிக்குது. உச்சைக்குக் குருடு, அந்திக்குக் கண்ணு. இப்பிடி ஒண்ணு எங்கயாவது கேட்டிருக்கியா?"

"பட்டிக்கு நடிக்கத் தெரியுமாம்மா?"

"உனக்க அப்பா கடைக்குப் போவ மடிச்சா காய்ச்சல்ணு படுப்பாரு. பட்டிக்குத் தெரியாதா?"

நாற்காலியில் முட்டியதையும் சுற்றி வந்ததையும் இரண்டு வீடியோக்களாக எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். போனை எடுக்கவில்லை. மறுநாள் குரல் செய்தி ஒன்று வந்தது. "பழகிடும் மக்கா, நீ பயப்படாத." நான் கேட்டது அதுவல்ல. எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம் எனக்கு உறுதியானது.

கால்நடை டாக்டர் ஒரு சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். பிறவியிலேயே கண்புரை, லென்ஸின் நடுவில் மட்டும். வெயிலில் கண்மணி சுருங்கும்போது அந்த வெளுப்பு முழுவதையும் அடைத்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரியும், ஓரம் வழியாகப் பார்த்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம், எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

நடிப்பு இல்லை. திரை போட்ட அறைக்கும் காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் பெண் நாய்க்கு வசதியாக அறையை வைத்திருந்தாரா, அல்லது என் கண்ணுக்கு வசதியாகவா என்பது மட்டும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "அப்பொ இதுக்க பகலு நம்ம ராத்திரியாக்கும்" என்றாள். அது சரியான சுருக்கம்தான். ஆனால் கொஞ்ச நாளில் அந்த வாக்கியமே எனக்கு எதிரியானது.

ஏனென்றால் பக்கத்து வீட்டில் கோழிகள் போனது வெளிச்சம் இல்லாத நேரத்தில்.

எங்கள் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில், அதிலும் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. பின்னால் சரிவில் இரண்டு வீட்டு ரப்பரும் கலந்து நிற்கும். அந்த அக்காவுக்குச் சொந்த ஊர் கிழக்கே, வட்டக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் துபாயில். கோழிகளில் அவருக்கு உயிர். ஒவ்வொன்றும் எங்கே முட்டையிடும் என்பதை வீடியோ காலில் கணவருக்குக் காட்டிக்கொண்டிருப்பார்.

முதல் கோழி போனபோது கீரி என்றார்கள். இரண்டாவது போன அன்று காலையில், நாய் படுக்கும் சாக்கில் ஒரு தவிட்டு நிற இறகு ஒட்டியிருந்தது. கோழி வளர்க்கும் வீட்டுக்குப் பக்கத்தில் இறகு பறந்து வருவது புதிதில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நாயின் வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ராத்திரி அதைக் கட்டிப்போடாமல் விட்டிருந்தேன் என்பதும் எனக்குத் தெரியும். இறகை எடுத்துத் தென்னை மூட்டில் போட்டுவிட்டுப் பேசாமல் வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

அக்கா வந்தது அதற்குப் பிறகுதான். கேட்டைத் திறக்கவில்லை, வெளியிலேயே நின்றார்.

"மாமி, நான் சண்டைக்கு வரல்ல. ஆனா ரெண்டாவது கோழியும் போயிட்டு. ஒங்க பட்டிதான்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனாள். "கண்ணு தெரியாத பட்டியாக்கும் பிள்ளே அது."

"கண்ணு தெரியாதது எப்படி மாமி சாயங்காலமானா நேரா எங்க கூட்டு முன்னால வந்து நிக்குது?"

"மூக்கு இருக்குல்லா?"

"மூக்கு இருந்தா கோழியப் பிடிக்கவும் செய்யும்லா?"

"நான் சும்மா சொல்லல்ல" என்றார் அக்கா. "ரப்பர் வெட்ட வருகவரு இன்னைக்குப் பொழுது வெளுக்கும் முன்னயே பாத்திருக்காரு. அவரே சொன்னாரு, மரத்தடிப் பட்டிதான்னு."

அவர் போன பிறகு நாய் அயினி மரத்தடியில் எழுந்து சோம்பல் முறித்தது. நான் அதைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. இருட்டில் அதற்குக் கண் தெரியும் என்று இந்த ஊரில் ஆதாரத்தோடு சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அக்காவிடம் அதை நான் சொல்லவில்லை.

அப்பா மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது அம்மா சொன்னாள். அவர் கத்தவில்லை. "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு கொண்டு விட்டிரலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டவள் நான்தான். துண்டையும் கிண்ணத்தையும் வந்த பையிலேயே எடுத்து வைத்தேன். திரும்பிப் போனால் அதை இனி யார் எடுப்பார்கள்? கோழி பிடிக்கும் அரைக்கண் நாய் என்ற பெயர் அதற்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

பிறகு வேலைக்கு உட்கார்ந்தேன். அன்று வாடிக்கையாளர் ஒருவர், "உள்ளே போக முடியவில்லை, உங்கள் ஆட்கள் கெடுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். இதற்கு நாங்கள் எப்போதும் அனுப்பும் பதில் ஒன்று உண்டு. திரையில் என்ன வந்தது, அதை ஒரு எழுத்து மாறாமல் அனுப்புங்கள். ஏனென்றால் மனிதர்கள் கண்டதைச் சொல்வதில்லை, தாங்கள் புரிந்துகொண்டதைச் சொல்கிறார்கள். அந்தப் பதிலை அடித்து முடிக்கும்போது என் கை நின்றது.

ரப்பர் வெட்டுகிறவர் எங்கள் ஊர்க்காரர். மரத்தடி என்ற சொல் அவர் வாயில் வராது. மரத்துக்க மூடு என்றுதான் சொல்லுவார்.

எழுந்து சரிந்த மதில் பக்கம் போனேன். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் என் பின்னால் வந்துவிட்டாள்.

"அக்கா, அவரு என்ன சொன்னாருண்ணு அப்படியே சொல்லுங்க. அவரு சொன்ன வார்த்தை."

"அதான் சொன்னேன்லா மக்கா."

"நீங்க சொன்னது இல்ல. அவரு சொன்னது."

அக்கா ஒரு சட்டையை உதறியபடி யோசித்தார். "கோழியக் காணல்லண்ணேன். அது மரப்பட்டியாக்கும்ணு சொன்னாரு. மரத்தடியில கெடக்கிற பட்டி ஒங்களதுதான?"

அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அக்காவின் முகம் சிவந்தது. நான் அம்மாவை ஒரு இடி இடித்தேன், அவள் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே ரப்பர் வெட்டுகிறவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணே, காலத்த இந்தப் பிள்ளைட்ட என்னவாக்கும் சொன்னிய?"

"கோழிக் காரியமா? மரப்பட்டியாக்கும். ரப்பர்ல இருந்து கூட்டுக்க மேல சாடிச்சு. எனக்க தலை லைட்டு பட்டதும் திரும்ப மரத்தில ஏறிச்சு. வாலு இந்நா, இவ்வளவு நீளம்." போனில் எவ்வளவு நீளத்தைக் காட்டினாரோ.

"நீங்க எங்க பட்டியச் சொன்னியண்ணு இவ நெனச்சிட்டா."

"பட்டியக் கண்டா பட்டிண்ணு சொல்லமாட்டனா? நான் எதுக்கு அத மரத்தில ஏத்தணும்?"

அக்கா சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார். "எங்க ஊர்ல அதுக்கு மரநாய்ணு பேரு. பட்டிண்ணா நாய்ணு நீங்கதான மாமி எனக்குச் சொல்லித் தந்திய?"

"தரையில நடக்குததுக்குச் சொல்லித் தந்தேன் பிள்ளே. மரத்தில ஏறுகதுக்கு நீ கேக்கல்லியே."

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. அது நீடிக்கவில்லை. "அப்பொ மொதக் கோழி? அத அவரு பாக்கல்லியே?" என்றார். சொல்லும்போது என் தோளுக்கு மேலாக அயினி மரத்தைத்தான் பார்த்தார். நான் இறகைப் போட்ட தென்னையின் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

மாலையில் அப்பாவிடம் அம்மா எல்லாவற்றையும் குரல் மாற்றிப் பேசிக் காட்டினாள். அவர் கடைசிவரை கேட்டார். "புகாரு வந்தது வந்ததுதான்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சேர்த்தார். "ஆனா அது மரப்பட்டிக்க பேர்ல வந்த புகாரு. அதக் கொண்டு விடுகதுக்கு எனக்கு இடம் தெரியாது."

நாய் எங்கள் வீட்டில் இருக்கிறது. துண்டும் கிண்ணமும் பையிலிருந்து வெளியே வந்துவிட்டன, பை மட்டும் ஆணியில் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக் கூட்டுக்கு மேல்பக்கமும் வலை அடித்தாகிவிட்டது, அதன் பிறகு கோழி எதுவும் போகவில்லை. முதல் கோழியை எது பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. அக்கா மதில் வழியாக நாய்க்கு மீன் தலை தருகிறார், அது தின்று முடிக்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இருட்டத் தொடங்கியதும் நான் அதைக் கட்டிப்போடுகிறேன். பெயர் இன்னும் வைக்கவில்லை.